நூற்றில் பாதி

"நூறு பேருக்கு கரண்ட் வச்சா எத்தனை பேரு பிழைப்பாங்க, டாக்டர்?"

"யாருக்காகக் கேக்குறீங்க? அவருக்காகவா, உங்களுக்காகவா?"

"எனக்காகத்தான்."

"அப்படின்னா உள்ளதைச் சொல்றேன். கட்டி, சிறுநீர்ப்பையோட சதைக்குள்ளயே இறங்கிடுச்சு. கரண்டும் கீமோவும் சேர்த்துக் குடுத்தா அஞ்சு வருஷம் கழிச்சு நூத்துல பாதிப் பேரு இருப்பாங்க. இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அவங்க சொந்தப் பையே கடைசி வரைக்கும் ஓடும். சிலருக்குத் திரும்ப வரும். அப்போ பையை எடுத்தே ஆகணும்."

"இவரு எந்தப் பாதி?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறேன்? லாட்டரிச் சீட்டு வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன்."

ஜூலை மாதம், சிலி நாட்டு அன்டோஃபகாஸ்டா ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நடந்த பேச்சு இது. டாக்டர் மிலெங்கா சிரித்தபடி ஓர்ஃபிலியாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். புருஷனுக்காகத் தவிக்கிற மனைவி என்று நினைத்திருப்பாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஓர்ஃபிலியா மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பாதி என்று கேட்டபோது தான் எந்தப் பாதியை வேண்டிக்கொண்டு நின்றோம் என்பது மட்டும் அவளுக்கே பிடிபடவில்லை.

அவள் கணவன் நிபால்டோ துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் சரக்கு இறக்கியவன். கழுத்து தோளோடு ஒட்டியிருக்கும். கை ஒவ்வொன்றும் ரொட்டிக்கடைத் தட்டு மாதிரி. அந்தக் கை ஓர்ஃபிலியாவின் மூக்கை ஒரு தடவையும், விலா எலும்பை இரண்டு தடவையும் உடைத்திருக்கிறது. மகள் யாஸ்னா பதினெட்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கலாமாவுக்குப் போய்விட்டாள். இப்போது அங்கே செம்புச் சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு நிற்கிற லாரியை ஓட்டுகிறாள். போகும்போது அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இது உங்கப்பா கட்டின வீடு. வெளிய போக வேண்டியது நீ இல்லம்மா."

அந்த வார்த்தை ஓர்ஃபிலியாவுக்குள் இருபது வருஷம் கிடந்தது. வீட்டை விட்டுப் போங்கள் என்று அவனிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பாள். துணி காயப்போடும்போது சொல்லிப் பார்ப்பாள். அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் தொண்டையில் அது அப்படியே உறைந்துவிடும்.

கடைசியில் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றை முடிவு செய்தாள். யாஸ்னாவுக்கு விடுமுறை. அண்ணன் செகுண்டோவும் சாப்பிட வருவதாக இருந்தான். இரண்டு பேர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிடுவது என்று காலையிலேயே தலை சீவி, காதில் தோடு போட்டுத் தயாராக இருந்தாள். அப்போதுதான் குளியலறையிலிருந்து நிபால்டோவின் குரல் வந்தது. வழக்கமான கத்தல் இல்லை. சின்னப் பையன் கூப்பிடுவதைப் போல இருந்தது. போய்ப் பார்த்தாள். பீங்கான் முழுக்க ரத்தம்.

*

பையை எடுத்துவிட்டு வயிற்றில் துளை போட்டுப் பிளாஸ்டிக் பை மாட்டலாம் என்று முதலில் பார்த்த ஆபரேஷன் டாக்டர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நிபால்டோ மேஜையைத் தாண்டி அவர் கோட்டுக் காலரைப் பிடித்துவிட்டான்.

"பையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையச் சொல்றியா? நான் என்ன கங்காருவாடா?"

காவலாளிகள் இரண்டு பேர் வந்து பிரித்தார்கள். அன்று கோட்டில் பிய்ந்த பொத்தானை ஓர்ஃபிலியாதான் தரையிலிருந்து பொறுக்கி, "மன்னிச்சிருங்க டாக்டர்" என்று மேஜையில் வைத்தாள். அப்படித்தான் டாக்டர் மிலெங்கா கரண்ட் வைக்கிற கதிர் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான்கு வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். இடுப்பில் மூன்று இடத்தில் மைப்புள்ளி வைத்தார்கள். மேஜையில் ஏறுவதற்கு முன்னால் சிறுநீரைச் சுத்தமாகக் கழித்துவிட்டு வர வேண்டும். பை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருந்தால்தான் கதிர் குறி தப்பாது. மற்ற நேரமெல்லாம் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "ரெண்டு லிட்டர், குறையக் கூடாது" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

சண்டை அந்த இடத்தில்தான் பிடித்தது.

அன்டோஃபகாஸ்டாவில் அவர்கள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. அவர்கள் கால்சட்டையும் பாவாடையுமாகப் பள்ளிக்கூடம் போன நாளில், மலையிலிருந்து ஊருக்கு வந்த ஆற்றுத் தண்ணீரில் பாஷாணம் கலந்திருந்தது. வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. பந்து விளையாடிவிட்டு வந்து குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். பத்து, பன்னிரண்டு வருஷம் குடித்தார்கள். அதற்கப்புறம் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இப்போது குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல் தண்ணீர். ஆனால் அன்று குடித்தது உடம்புக்குள்ளேயே இருந்து, அவரவர் அறுபதைத் தொடும்போது ஒருவருக்குப் பையிலும் இன்னொருவருக்கு நுரையீரலிலுமாக எழுந்து வருகிறது. அவர்கள் தெருவில் மட்டும் நாலு பேர்.

டாக்டர் இதையெல்லாம் நிபால்டோவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைச் சுத்தியலால் அடித்தான். திருகு வளைந்தது, குழாய் உடையவில்லை. "இந்த வீட்டுல இனிமே ஒரு சொட்டு குழாத்தண்ணி என் வாயில பட்டுச்சு, கொன்னுருவேன்" என்றான். அன்று முதல் குடிக்க, சமைக்க, பல் தேய்க்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர். இருபது லிட்டர் கேனை மேட்டுத் தெருவில் ஓர்ஃபிலியாதான் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அது அம்பது வருஷத்துக்கு முந்தி குடிச்சதுங்க" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "நானும்தான் குடிச்சேன். அதே பள்ளிக்கூடம், அதே குழா."

"உனக்கு ஒண்ணும் வரலையே! நீ என்னத்தக் கண்ட?"

எனக்கும் வரலாம் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஓர் அடி விழும்.

பத்து நாளில் எரிச்சல் தொடங்கியது. சிறுநீர் போகும்போது கண்ணாடித் தூள் போகிற மாதிரி இருக்கிறது என்றான். மணிக்கு மூன்று தடவை ஓடினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைக் குத்துவான். வெள்ளை ஓடுகளில் ஏழு விரிசல். ஒவ்வொரு குத்துக்கும் அடுப்படியில் இருக்கிற ஓர்ஃபிலியாவின் தோள் தானாகத் துள்ளும். வலிக்குப் பயந்து அவன் தண்ணீர் குடிப்பதையே குறைத்தான். குறைக்கக் குறைக்க எரிச்சல் ஏறியது.

பதினான்காவது நாள் லாரிக்காரர்கள் சாலையை மறித்துவிட்டார்கள். ஊரில் எந்தக் கடையிலும் கேன் இல்லை. ஓர்ஃபிலியா மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காலையிலிருந்து அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. குழாயைத் திறந்து கெட்டிலில் பிடித்தாள். கொதிக்க வைத்தால் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

அவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஷம் வைக்கிறியா?"

"கேன் கிடைக்கலைங்க. கொதிக்க வச்ச தண்ணிதான், ஒண்ணும்…"

"எனக்கு விஷம் வைக்கிறியாடி, மூதேவி?"

கெட்டிலை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வீசினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இடது தோளிலும் கையிலும் விழுந்தது. சத்தம் வரவில்லை அவளுக்கு. மூச்சுதான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. சட்டைத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கிக் குழாயடியில் முகத்தை அழுத்தினான். "குடி! நீ குடி! நல்ல தண்ணிதானே, குடி!" குழாயின் வளைந்த திருகு நெற்றியில் இடித்துக் கிழித்தது. ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து வாய்க்குள் போயின. அவள் குடித்தாள்.

அப்புறம் அவனுக்கே முட்டிக்கொண்டு வந்தது. கையை விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினான்.

இந்த இடத்தில் ஓர்ஃபிலியா செய்ததை யாஸ்னாவால் கடைசி வரை புரிந்துகொள்ள முடியவில்லை. ஈரத் துணியைக் கையில் சுற்றினாள். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினாள். மேலே நீளக் கைச் சட்டை. தெருமுனையில் போய் ஷேர் டாக்ஸியை நிறுத்தி, "வாங்க, நேரமாச்சு" என்று அவனைக் கூப்பிட்டாள். ஒரு நாள் தவறினாலும் வைத்தியம் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பத்து நிமிஷம் தாமதமாகப் போனார்கள். அவன் ஒழுங்காகச் சிறுநீர் கழித்துவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தான்.

வெளியே நர்ஸ் அவள் சட்டைக் கையைப் பார்த்தாள். நனைந்திருந்தது. "இது என்னம்மா?"

"கெட்டில் வழுக்கிடுச்சு."

"நெத்தியில?"

"அதுவும் கெட்டில்தான்."

நர்ஸ் எதிரில் உட்கார்ந்து கட்டுப்போட்டாள். "எங்க அம்மா வீட்டுலயும் இப்படி ஒரு கெட்டில் இருந்துச்சு" என்றாள், தலை நிமிராமலே. "கடைசி வரைக்கும் வழுக்கிக்கிட்டேதான் இருந்துச்சு."

*

நான்காவது வாரம் நிபால்டோ ஓய்ந்துபோனான். கீமோ பசியைத் தின்றுவிட்டது. பன்னிரண்டு கிலோ குறைந்து, கட்டிலில் ஒரு பக்கமாகக் கிடந்தான். ஓர்ஃபிலியா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். ஒரு மத்தியானம் அவள் கட்டுப்போட்ட கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதா, ஓர்ஃபி?"

கல்யாணத்துக்கு முன்னால் அவன் கூப்பிட்ட பெயர் அது. கடற்கரையில் அவளைச் சைக்கிளின் முன்பக்கம் உட்காரவைத்து ஓட்டிய, சுருட்டை முடி வைத்திருந்த பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது. அவன் அழுதான். அவளும் அழுதாள். இப்படியே இருந்துவிட்டால் கேட்கவே தேவையில்லை என்று அந்த மத்தியானம் அவள் நம்பினாள். நோய் அடித்த அடியில் மனுஷன் திருந்திவிட்டான் என்று அண்ணனுக்குக்கூடப் போன் பண்ணிச் சொன்னாள்.

இருபதாவது நாள் முடிந்தது. மூன்று மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிப் பரிசோதித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

பசி திரும்பியது. நடை திரும்பியது. கையும் திரும்பியது. செப்டம்பரில், நாட்டின் சுதந்திர தினத்தன்று செகுண்டோ தன் வீட்டு முற்றத்தில் கரி மூட்டி இறைச்சி சுட்டான். கொடி கட்டி, பாட்டுப் போட்டு, இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாடாக்களை அடுக்கி அமர்க்களமாக இருந்தது. எல்லாரும் நிபால்டோவைச் சுற்றி நின்று கிளாஸை உயர்த்தினார்கள்.

"மாப்பிள்ளைய எமன் கூப்பிட்டுப் பாத்தான், இவரு போட்ட சத்தத்துல அவனே ஓடிட்டான்!" என்றான் செகுண்டோ.

நிபால்டோ சிரித்துக்கொண்டே எழுந்தான். அடக்க முடியாமல் வந்துவிட்டது போல. கதிர் பட்ட பை சுருங்கிப்போய், சேதி சொல்லி அனுப்பக்கூட நேரம் கொடுக்காது. இரண்டு எட்டு வைப்பதற்குள் சாம்பல் நிறக் கால்சட்டையின் முன்பக்கம் முழங்கால் வரை கறுத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செகுண்டோதான், நல்ல எண்ணத்தில், தன் கிளாஸில் இருந்ததைத் தன் கால்சட்டையிலேயே ஊற்றிக்கொண்டு, "பாருங்க, எனக்கும் வந்திருச்சு!" என்றான்.

சிரிப்பு வெடித்தது. நிபால்டோ அடுப்பிலிருந்து இறைச்சி புரட்டும் இரும்புக் கம்பியை எடுத்தான்.

முதல் அடி தாடையில். எலும்பு உடைகிற சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது. செகுண்டோ மேஜையோடு சரிந்தான். எம்பனாடாக்கள் மண்ணில் உருண்டன. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, கம்பியைக் கீழே போட்டுவிட்டு, வெறும் முஷ்டியால் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூட்டை எண்ணுகிற மாதிரி நிதானமாகக் குத்தினான். ஓர்ஃபிலியா அவன் முதுகில் விழுந்து கழுத்தைக் கட்டி இழுத்தாள். திரும்பாமலே முழங்கையால் இடித்தான். அவள் கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. நாலு ஆண்கள் சேர்ந்துதான் அவனைப் பிடித்துத் தள்ள முடிந்தது. தரையில் ரத்தம், அதில் கரித்தூள், அதன் மேல் அவனுடைய ஈரக் கால்தடம்.

போலீஸைக் கூப்பிடவேண்டாம் என்று செகுண்டோவே கை காட்டினான். வாய் திறக்க முடியாததால் சீட்டில் எழுதினான்: நோயாளி, பாவம், விடுங்கள். அவன் மனைவியும் அதையே சொன்னாள். தெருவும் அதையே சொன்னது. "நோய் அந்த மனுஷனை இப்படி ஆக்கிடுச்சு."

ஓர்ஃபிலியா வாயில் துணியை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நோய் அவனை ஆக்கியது கட்டிலில் கிடந்து அழுத அந்த மத்தியானத்து மனுஷனை. இது நோய் இல்லை. இதுதான் ஆரோக்கியம்.

மறுநாள் யாஸ்னா கலாமாவிலிருந்து வந்தாள். சுரங்கத்து மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் வாயைத் திறந்து பார்த்தாள்.

"இன்னும் எதுக்கும்மா காத்திருக்க?"

"ரிசல்ட் வரட்டும்."

"எந்த ரிசல்ட்? கட்டி போயிருச்சுன்னா அவரை வெளிய போகச் சொல்லுவ. திரும்ப வந்திருச்சுன்னா சொல்ல வேண்டியதே இல்ல, தானா முடிஞ்சிரும். அதுதானே கணக்கு?"

ஓர்ஃபிலியா மகளை அறைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கை ஒருத்தர் மேல் பட்டது. பட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாஸ்னா கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "பரவால்லயே, பலம் இருக்கு" என்றாள். "அதை எங்க காட்டணுமோ அங்க காட்டு."

"சாகப்போறவன்கிட்ட எப்படிடீ போன்னு சொல்றது?" ஓர்ஃபிலியா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ சொன்னது பொய்யில்ல. ராத்திரி படுக்கும்போது அந்தப் பாதியில போயிரட்டும்னு வரும். விடிஞ்சா என்னை நானே காறித் துப்பிக்குவேன். அதனாலதான் ஒரு நாள்கூட விடாம கூட்டிட்டுப் போனேன். அவரு செத்து எனக்கு விடுதலை வேண்டாம். நல்லா நிக்கிற மனுஷன் மூஞ்சியப் பாத்து நான் கேக்கணும்."

யாஸ்னா அம்மாவின் நீளக் கைச் சட்டையை மடித்துவிட்டு, தோளிலிருந்து முழங்கை வரை பளபளத்த தழும்பைப் பார்த்தாள். "அன்னிக்கு நானும் வர்றேன்" என்றாள்.

*

நவம்பர் கடைசியில், வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டர் மிலெங்காவின் அறையில் நாலு பேர் இருந்தார்கள். நிபால்டோ புதுச் சட்டை போட்டிருந்தான். குறைந்த எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. முஷ்டியில் செகுண்டோவின் பல் பட்ட காயம் ஆறி வெள்ளையாகத் தெரிந்தது. வாசல் ஓரம் யாஸ்னா.

டாக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "கட்டி இல்ல. குழாய் விட்டுப் பாத்ததுலயும் இல்ல, கிள்ளி எடுத்த சதையிலயும் இல்ல. ஸ்கேனும் சுத்தம்."

நிபால்டோ மேஜையில் ஓங்கித் தட்டினான். பேனா துள்ளி விழுந்தது. "சொன்னேன்ல! பையை அறுக்கணும்னானே அந்தக் கசாப்புக்காரன், அவனைக் கூப்பிடுங்க!"

"இருங்க, இருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கணும். திரும்ப வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. பை கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கு, அவசரமா வர்றதுக்கு மாத்திரை தர்றேன். தண்ணி குடிங்க. குழாத் தண்ணியே போதும்."

"அந்த விஷத்தையா? நீங்க வேற!" அவன் எழுந்து ஓர்ஃபிலியாவின் தோளைத் தட்டினான். தழும்பு இருந்த தோளை. "கிளம்புடி. இன்னிக்கு வீட்டுல விருந்து. உங்கண்ணன் தலை மட்டும் தெரியக் கூடாது, சொல்லிட்டேன். அன்னிக்கு விட்ட மிச்சத்தையும் வாங்கிக்குவான்."

ஓர்ஃபிலியா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இவரு தனியா இருக்கலாமா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். சமைக்கலாமா? படி ஏறலாமா? கேன் தூக்கலாமா?"

"தாராளமா. உங்களைவிட நல்லா இருக்காரு."

"வேலைக்குப் போற ஆம்பளை மாதிரின்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்." டாக்டரின் கண் ஓர்ஃபிலியாவின் முகத்தில் நின்றது. அங்கிருந்து அவள் கைக்கு இறங்கியது. மேஜைக்கு அடியில் காவலாளியை அழைக்கிற மணி இருந்தது. ஆபரேஷன் டாக்டரின் காலர் கிழிந்த பிறகு இந்தப் பிரிவில் வைத்தது. டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னடி கேள்வி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க?" நிபால்டோ அவள் மேல்கையைப் பிடித்து இழுத்தான். விரல்கள் புதைந்தன. பழைய வலு, கொஞ்சமும் குறையாத வலு. யாஸ்னா ஓரடி முன்னால் வந்தாள். ஓர்ஃபிலியா வேண்டாம் என்று அவளுக்குத் தலையசைத்தாள்.

பிடியை உதறவில்லை. பிடித்த கையோடேயே எழுந்து நின்று, அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். தொண்டையில் அந்த உறைவு ஏறி வந்தது, வழக்கம் போலவே வந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. அவள் எச்சிலை விழுங்கினாள்.

"நிபால்டோ, நீங்க பிழைச்சிட்டீங்க. இருபது நாளும் நான்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன், ஒரு நாள் விடல. இப்ப ஒண்ணு கேக்குறேன். அது எங்கப்பா கட்டின வீடு. அதை விட்டுப் போயிருங்க."